பாதியாக வற்றிய தண்ணீர்

சில்லா என்கிற நாற்பது நாள் உச்சக் கோடை வெயில் தொடங்கிவிட்டால் பருத்திக் காட்டில் இரண்டே பேச்சுதான். இது எப்போது முடியும், குடிக்கச் சில்லென்று ஏதாவது இருக்கிறதா. முதல் கேள்விக்கு யாரிடமும் பதில் கிடையாது. இரண்டாவதற்கு அந்த வருடம் பதில் சொன்னவர் வேதியியல் வாத்தியார் தாஷ்தெமிர்.

பள்ளிக்கூடம் மூடியதும் வாத்தியார்களையும் கூட்டுப்பண்ணைக் காட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். படித்தவன், படிக்காதவன் என்று பருத்திக்குத் தெரியவா போகிறது? செடியின் நுனியைக் கிள்ளுகிற வேலை. தாஷ்தெமிர் கிள்ளினால் நுனியோடு பாதிச் செடியும் கையோடு வந்துவிடும். "வாத்தியாரே, செடிக்கு மார்க் போடுறீங்களா, மொட்டை போடுறீங்களா?" என்று ஹாசியத் அக்கா கேட்பாள். அவள்தான் அந்த வேலைக்குழுவின் தலைவி. நாக்கு நீளம், அதற்கு ஈடாக மனசும் பெரிது.

வாத்தியாரின் மனைவி ஆய்ஜமாலுக்கு இதையெல்லாம் கேட்டால் சிரிப்பு வரும், கொஞ்சம் ரோஷமும் வரும். காட்டு ஓரத்தில், ஓலைப்பாய் வேய்ந்த நீளமான கொட்டகையில்தான் கோடை முழுக்க எல்லோருக்கும் குடித்தனம். வாசலில் ஒரு முசுக்கட்டை மரம், அதன் வேரடியில் ஒரு கிணறு. அதிக ஆழம் இல்லை, கயிறு நனையும் முன்பே வாளியில் தண்ணீர் வந்துவிடும். மரத்தடியில் ஆய்ஜமாலின் தொட்டில். தொட்டிலில் முனிசா. கல்யாணமாகி வருடக்கணக்கில் காத்திருந்து, மாமியார் ஊரும் அம்மா ஊரும் ஒருசேர நம்பிக்கையைக் கைவிட்ட பிறகு பிறந்த குழந்தை. அது தும்மினால் ஆய்ஜமாலுக்குத் தூக்கம் போய்விடும்.

ஒருநாள் மத்தியானம் தயிரைக் கரைத்து வெள்ளரி நறுக்கிப்போட்ட சாலாப் பானையைத் திறந்தால், சூடாக ஆவிதான் பறக்கவில்லை. ஹாசியத் அக்கா ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினாள்.

"இதுல சோப்புப் போட்டுத் துணி துவைக்கலாம்."

தாஷ்தெமிர் எழுந்து போய், காட்டு ஓரத்தில் தார்ப்பாயின் கீழ் அடுக்கியிருந்த செலித்ரா மூட்டையிலிருந்து இரண்டு கை அள்ளி வந்தார். பருத்திக்குப் போடுகிற வெள்ளை உரம். ஒரு தகரப் பாத்திரத்தில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, பாத்திரத்தை ஈரப் பலகைமேல் வைத்து, உரத்தைக் கொட்டிக் கலக்கினார். இன்னும் இரண்டு கை போட்டார். பாத்திரத்துக்கு வெளியே முத்து முத்தாக வியர்த்தது, பிறகு வெள்ளையாகப் பூத்தது. "தூக்குங்க அக்கா" என்றார். ஹாசியத் அக்கா தூக்கினாள். பலகையும் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. நெருப்பு மழை பெய்கிற அந்த மத்தியானத்தில் பலகையின் ஈரம் பனிக்கட்டியாகியிருந்தது.

பெண்கள் ஆளுக்கு ஒரு விரல் வைத்துப் பார்த்தார்கள். வாத்தியாருக்கு வகுப்பறை வந்துவிட்டது.

"குளிர்னு ஒண்ணு எங்கேயிருந்தும் வரல. சூடு போகுது, அவ்வளவுதான். இந்த உப்பு கரையணும்னா அதோட கட்டு அவிழணும். கட்டு அவிழ்க்கக் கூலி சூடு. பக்கத்துல யாருகிட்ட சூடு இருக்கோ அவங்ககிட்ட பிடுங்கிக்கும். தண்ணிகிட்ட பிடுங்கும், பாத்திரத்துக்கிட்ட பிடுங்கும், உங்க விரல்லேயும் பிடுங்கும்."

"என் மருமக மாதிரின்னு சொல்லுங்க" என்றாள் ஹாசியத் அக்கா. கைக்குழந்தையோடு அங்கேயே உட்கார்ந்திருந்த மருமகள் சர்வினாஸ், "உங்ககிட்ட பிடுங்க என்ன இருக்கு அத்தை, அந்த நாக்கைத் தவிர?" என்று கேட்டதும் கொட்டகையே சிரித்தது.

ஆய்ஜமாலுக்குப் பெருமை தாங்கவில்லை. அதை மறைப்பதற்காகக் கேட்டாள்: "அப்போ அடுப்புல பருத்திக்குச்சி எரியுதே, அது?"

"அது குடுக்கும். எரியுறது குடுக்கும், இது வாங்கும். ஆனா வாங்கினது காணாமப் போகாது. திருப்பிக் குடுத்தா உப்பும் திரும்பி வரும்."

அதையும் செய்துகாட்டினார். உரம் கரைத்த தண்ணீரை அகலமான பேசினில் ஊற்றிக் கொட்டகைக் கூரைமேல் ஏற்றி வைத்தார். சாயங்காலம் ஆய்ஜமால் ஏறிப் பார்த்தபோது தண்ணீர் இல்லை. பேசின் அடியில் வெள்ளை உப்பு பொருக்குக் கட்டிக் கிடந்தது. வெயில் கொடுத்த சூட்டில் தண்ணீர் போய்விட்டது. "தண்ணி மட்டும்தான் போகும். உப்பு ஒரு மணிகூடப் போகாது" என்று கீழேயிருந்து சொன்னார் அவர். அவள் அதைச் சுரண்டி எடுத்து மறுநாள் மறுபடி கரைத்தாள், மறுபடி குளிர்ந்தது. கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் இதைச் சொன்னாள்.

மற்றவர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. உரம் மூட்டை மூட்டையாகக் கிடக்கும்போது யார் பேசினைக் கூரையேற்றிக் காயவைப்பது? வாளி வாளியாகக் கரைத்தார்கள். உள்ளே சாலாப் பானையை வைத்தார்கள், முலாம்பழத்தை வைத்தார்கள். உரத்தண்ணீரை யாரும் வாயில் வைக்கவில்லை, அந்த விஷயத்தில் எல்லோரும் உஷார். குளிர்ச்சி போனதும் அதைக் கால்வாயில் கொட்டப் போன பெண்களைத் தாஷ்தெமிர்தான் தடுத்தார். "மீன் செத்துடும். மரத்துக்கு ஊத்துங்க. உரம்தானே, வீணாவானேன்?"

முசுக்கட்டை மரத்துக்கு ஊற்றினார்கள். சில வாரங்களில் அதன் இலைகள் சாயம் தோய்த்தது போலக் கரும்பச்சையாகிவிட்டன, ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். வழியே போகிறவர்கள்கூட நின்று பார்த்தார்கள். அதன் நிழலில் முனிசா தூங்கினாள்.

வசந்தத்தில் வந்த காய்ச்சலில் ஆய்ஜமாலுக்குப் பால் வற்றிவிட்டிருந்தது. முனிசாவுக்குப் பால்பவுடர்தான். அதைக் கரைக்கக் கிணற்றுத் தண்ணீர். பக்கத்துக் குழுவில் போன வருடம் கெட்ட தண்ணீர் குடித்து ஒரு குழந்தை வயிற்றுப்போக்கில் போய்விட்டது. ஊர் நர்ஸ் ஆய்ஜமாலிடம், "நல்லாக் கொதிக்க வெச்சுக் குடு, எதுவும் அண்டாது" என்று சொல்லியிருந்தாள். 'நல்லா' என்றால் எவ்வளவு என்று அவள் சொல்லவில்லை. ஆய்ஜமால் தன் அளவு ஒன்றை வைத்துக்கொண்டாள். கெட்டிலில் கழுத்துவரை ஊற்றி, பாதியாக வற்றும்வரை கொதிக்கவிட வேண்டும். பருத்திக்குச்சியை ஒடித்து ஒடித்துத் தள்ளிக்கொண்டு, புகையில் கண் எரிய அடுப்பை விட்டு நகராமல் உட்கார்ந்திருப்பாள்.

"என்னடி, தண்ணியை இப்படிச் சமைக்கிறே? இன்னும் கொஞ்சம் விட்டா எலும்புதான் மிஞ்சும்" என்பாள் ஹாசியத் அக்கா.

"என் பிள்ளை குடிக்கிறது அக்கா. குச்சியா பெருசு?"

ஒருநாள் காலையில் முனிசாவின் உதடு கத்திரிப்பூ நிறத்தில் இருந்தது. விரல் நகங்களும் அப்படியே. குழந்தைக்குக் குளிர்கிறது என்றார்கள். அந்த வெயிலில் குளிருமா என்று யாரும் யோசிக்கவில்லை, நீலம் என்றால் குளிர், அவ்வளவுதான். பஞ்சு மெத்தைத் துணியில் சுற்றினார்கள். ஹாசியத் அக்கா கண்ணேறு என்று சொல்லி, இசிரிக் செடியைக் கொளுத்தித் தொட்டிலைச் சுற்றிப் புகை காட்டினாள். மதியம் குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. தாஷ்தெமிர் பருத்தி லாரியைப் பிடித்து, மனைவியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அங்கே இதயத் துடிப்பைக் கேட்டார்கள், ஊசி போட்டார்கள், ஆஸ்பத்திரித் தண்ணீரில் பால் கரைத்துக் கொடுத்தார்கள். குழந்தை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தாள். ஒருநாள் காலையில் ஆய்ஜமாலின் காதணியைப் பிடித்து இழுத்தாள். "இதயத்துல ஏதோ சின்னக் கோளாறு இருக்கலாம், வளரும்போது சரியாகும், வீட்டுக்குப் போங்க" என்றார் அந்த இளம் டாக்டர். திரும்புகிற லாரியில் ஆய்ஜமால் வழி நெடுகக் குழந்தையிடம் பேசிக்கொண்டே வந்தாள். கணவரிடம் சொன்னாள்: "இனிமே நான் இன்னும் ஜாக்கிரதையா இருப்பேங்க. எங்கேயோ ஏதோ தப்பிடுச்சு."

இன்னும் ஜாக்கிரதை என்றால் அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அடுப்பில் குச்சி கூடியது. கெட்டில் நிறைய ஊற்றினால் ஒரு கிண்ணம் மிஞ்சுகிற அளவுக்குக் காய்ச்சினாள். அதைச் சுத்தமான துணியில் வடிகட்டி, ஆறவைத்து, தான் ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்து, பிறகு பவுடரைக் கரைத்தாள். தண்ணீர் லேசாகக் கரித்தது. நன்றாகக் காய்ந்த தண்ணீர் அப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டாள். முனிசா பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

அந்த வாரம் முடிவதற்குள் நீலம் திரும்பி வந்துவிட்டது. இந்தமுறை உதட்டோடு நிற்கவில்லை. முகம் முழுக்கச் சாம்பல் பூசியது போல இருந்தது, மூச்சு நாய்க்குட்டிபோல இரைத்தது.

ஆஸ்பத்திரியில் இந்தத் தடவை இருந்தது விடுப்பு முடிந்து வந்திருந்த ஒரு வயதான பெண் டாக்டர். அவள் இதயத் துடிப்பைக் கேட்கவில்லை. குழந்தையின் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தை வெள்ளைத் தாளில் வாங்கினாள். இரத்தம் சாக்லேட் நிறத்தில் இருந்தது. தாளைக் காற்றில் ஆட்டினாள், ஊதினாள், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். இரத்தம் சிவக்கவே இல்லை.

"குழந்தைக்கு எந்தத் தண்ணி?"

"கிணத்துத் தண்ணி டாக்டரம்மா. ஆனா கொதிக்க வெச்சுத்தான். பாதிக்குக் கீழே வத்தற வரைக்கும். ஒரு வேளைகூடப் பச்சைத் தண்ணி குடுத்தது கிடையாது" என்றாள் ஆய்ஜமால். இதைச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

டாக்டர் அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தாஷ்தெமிரை நடையோரம் அழைத்துப்போய் ரஷ்ய மொழியில் பேசினாள். கதவு பாதி திறந்திருந்தது. ஆய்ஜமாலுக்கு 'தண்ணீர்' என்கிற சொல் மட்டும் புரிந்தது, 'செலித்ரா' என்கிற சொல்லும் காதில் விழுந்தது. கணவர் சுவரில் கை ஊன்றிக்கொள்வதைப் பார்த்தாள். உயரமான மனுஷர், திடீரென்று குள்ளமாகத் தெரிந்தார்.

மருந்து ஒன்று இருந்தது. அந்த ஆஸ்பத்திரியில் இல்லை, பெரிய ஊரில் இருந்தது. வண்டி அனுப்பினார்கள். வண்டி போனது ஆய்ஜமாலுக்குத் தெரியும், வந்தது தெரியாது. ஏனென்றால் அது வந்தபோது அவள் மடியில் முனிசா மூச்சுவிடுவதை நிறுத்தியிருந்தாள். நர்ஸ் ஒருத்தி பாட்டிலைக் குழந்தையின் விரல்களிலிருந்து மெல்ல எடுத்தாள். ஆய்ஜமால் அதை வாங்கி மறுபடி குழந்தையின் கையில் வைத்தாள்.

ஊருக்குத் திரும்புகிற வண்டி அடுப்பாகக் கொதித்தது. ஆய்ஜமால் குழந்தையை நெஞ்சோடு அணைத்தபடி இருந்தாள். பாதி வழியில் அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"வண்டியைத் திருப்பச் சொல்லுங்க. இவ ஆறலை. தொட்டுப் பாருங்க, உடம்பு சூடா இருக்கு. செத்தவங்க உடம்பு சில்லுன்னு ஆயிடும்ல? திருப்பச் சொல்லுங்க."

தாஷ்தெமிர் குழந்தையின் காலைத் தொட்டார். சூடாகத்தான் இருந்தது.

"அது வெயிலோட சூடு, ஆய்ஜமால். அவளோடது இல்ல."

ஊர் வரும்வரை அவள் குழந்தையின் காலை விடவில்லை. அன்றே ஆண்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கைக்குள் அடங்குகிற அளவு. அதற்கு நாலு பேர் எதற்கு என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

சாவு வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியக்கூடாது. அக்கம்பக்கத்தார்தான் ரொட்டியும் சூப்பும் கொண்டுவருவார்கள். ஆய்ஜமால் தன் அணைந்த அடுப்பின் எதிரே உட்கார்ந்திருந்தாள். வருகிற பெண்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள். "நீ என்ன பண்ணுவே? உன்ன மாதிரிப் பார்த்துக்கிட்ட தாய் உண்டா? தண்ணியைக்கூடச் சமைச்சுல்ல குடுத்தே" என்றாள் ஹாசியத் அக்கா. ஆய்ஜமாலுக்கு அது ஒன்றுதான் பிடிமானமாக இருந்தது. என் கையால் எந்தக் குறையும் வைக்கவில்லை என்று தனக்குள் சொல்லிச் சொல்லித்தான் அவளால் மூச்சுவிட முடிந்தது.

ஆனால் கணவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பேசவும் இல்லை. முசுக்கட்டை மரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். என்னைத்தான் குற்றம் சொல்கிறார், வாயால் சொல்லத்தான் இல்லை என்று அவள் நினைத்தாள். அது குழந்தை போனதற்கு மேல் இன்னொரு வலியாக இருந்தது.

மூன்றாம் நாள் பிரார்த்தனை முடிந்து எல்லோரும் கொட்டகையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். சர்வினாஸ் தன் பையனை இடுப்பில் வைத்தபடி, மறு கையால் கிணற்றில் வாளியை விட்டாள். பக்கத்தில் ஒரு பால்பவுடர் டப்பா. ஹாசியத் அக்காதான் சொன்னாள்: "இவனுக்கும் பவுடர் ஆரம்பிக்கிறோம். வேலைக்குப் போனா வயிறு காயுது பிள்ளைக்கு."

தாஷ்தெமிர் எழுந்தார். எழுந்த வேகத்தில் தேநீர்க் கிண்ணம் உருண்டது. போய்ச் சர்வினாஸின் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கி வாளியைத் தரையில் கவிழ்த்தார்.

"இந்தத் தண்ணி குழந்தைக்கு வேண்டாம். யாரும் குடுக்காதீங்க. நாம மரத்துக்கு ஊத்தின உரம் அடியோட கிணத்துல இறங்கிடுச்சு. பெரியவங்க தாங்கிடுவோம். பச்சப்பிள்ள தாங்காது. இரத்தம் செத்துப் போயிடும். முனிசா அதுலதான் போனா. மரத்துக்கு ஊத்தச் சொன்னது நான். வேற யாரும் இல்ல, நான்."

ஆய்ஜமால் அவரையே பார்த்தாள். மூன்று நாளும் அவர் பேசாமல் இருந்தது இதனால்தானா? பாவம் மனுஷன், இதையா தனியாகச் சுமந்தார் என்று தோன்றியது. எழுந்து அவரிடம் போக வேண்டும் போல இருந்தது.

அப்போது சர்வினாஸ் கேட்டாள். சின்னப் பெண், பயத்தில் கேட்டாள், வேறொன்றும் இல்லை.

"கால்வாய்த் தண்ணி அதைவிட அழுக்கு வாத்தியாரே. நான் இதையே நல்லாக் கொதிக்க வெச்சுக் குடுத்துடறேன். அப்போ பரவாயில்லல்ல?"

தாஷ்தெமிர் வாயைத் திறந்தார், ஆய்ஜமாலைப் பார்த்தார், மூடிக்கொண்டார். வகுப்பில் ஒரு கேள்விக்குக்கூடப் பதில் தெரியாமல் நின்றவர் இல்லை அவர்.

"சொல்லுங்க வாத்தியாரே. கொதிக்க வெச்சா சரியாயிடும்தானே?"

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அது வந்து..." என்றார். மறுபடி மனைவியைப் பார்த்தார். மூன்று நாளாகப் பார்க்காத பார்வை. அதில் கோபம் இல்லை, குற்றச்சாட்டு இல்லை. தெருவில் ஓடிவருகிற குழந்தையை வண்டி அடிக்கப்போகிறது என்று பார்க்கிறவனின் முகம் அது.

ஆய்ஜமாலின் கண் அவரை விட்டு மேலே போனது. கொட்டகைக் கூரைமேல் அந்தப் பேசின் இன்னும் இருந்தது. யாரும் இறக்கி வைக்கவில்லை. விளிம்பில் வெள்ளைப் பொருக்கு வெயிலில் மின்னியது. தண்ணி மட்டும்தான் போகும். உப்பு ஒரு மணிகூடப் போகாது. அவளே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

கழுத்துவரை ஊற்றி, பாதியாக வற்றவைத்து. பிறகு, இன்னும் ஜாக்கிரதையாக, ஒரு கிண்ணமாக வற்றவைத்து.

அவள் எழுந்தாள். தூணைப் பிடித்துக்கொண்டாள். சர்வினாஸிடம் போனாள். இடுப்பில் இருந்த பையனின் காலைத் தொட்டுப் பார்த்தாள், உதட்டைப் பார்த்தாள். சிவப்பாக இருந்தது.

"கொதிக்க வைக்காதே" என்றாள்.

"அக்கா?"

"கொதிக்க வெச்சா தண்ணிதான் போகும் சர்வினாஸ். அது போகாது. மிச்சத் தண்ணிக்குள்ளேயே நின்னுடும். எவ்வளவு கொதிக்க வைக்கிறியோ அவ்வளவு மோசம். உன்கிட்ட பால் இருக்குல்ல? அதைக் குடு. வேலைக்குப் போகாதே. யாராவது கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு."

ஹாசியத் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தாஷ்தெமிர் பக்கத்தில் வந்தார். "ஆய்ஜமால், தண்ணி என்னோடது. தப்பு என்னோடது. நீ எதுவும்..."

"அடுப்பு என்னோடதுங்க" என்றாள் அவள். "ஒவ்வொரு குச்சியா நான்தானே ஒடிச்சுப் போட்டேன்."

அவர் அழ ஆரம்பித்தார். எல்லோர் முன்னாலும், சத்தமாக. அவள் அழவில்லை. தன் அடுப்பருகே போய்க் கரி பிடித்த அந்தக் கெட்டிலை எடுத்தாள். அடியில் கடைசியாகக் காய்ச்சிய தண்ணீர் இன்னும் கொஞ்சம் இருந்தது, குழந்தைக்கென்று மூடி வைத்தது. அதை மரத்தடியில் கொட்டவில்லை. கெட்டிலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, பருத்திச் செடிகளின் நடுவே, கிணற்றுக்கு எதிர்த் திசையில் நடந்தாள். தாஷ்தெமிர் பின்னாலேயே ஓடி அதை வாங்கக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. காடு முடிகிற இடம் அங்கிருந்து வெகுதூரம், இரண்டு பேரும் நடந்துகொண்டே இருந்தார்கள்.